விலக்கு வாங்கிய வண்டிகள்

தவமணியின் கணக்கு தப்பாது. இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிக்கொள்வாள். அதில் அவளுக்குக் கூச்சம் ஏதும் இல்லை. ஐம்பத்தோரு வயதில் நெடுஞ்சாலைத் துறையில் தலைமைப் பொறியாளராக உட்கார்ந்திருக்கிறவள் தன் கணக்கைத் தானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

கணக்கு என்றால் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வருவதுதான். ஓடுகிற வண்டியின் நிறை இவ்வளவு, வேகம் இவ்வளவு, இத்தனை மீட்டருக்குள் நிற்க வேண்டும். பிரேக் கொடுக்க வேண்டிய விசை எவ்வளவு? வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, தூரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால், வேகம் எந்த வீதத்தில் குறைய வேண்டும் என்பது வரும். அதை நிறையால் பெருக்கினால் விசை. பிள்ளைகள் மூன்று வரியில் எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தவமணிக்கு மட்டும் அந்தக் கணக்கு பல வருஷம் கழித்தும் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த விசையை அந்த வண்டியின் பிரேக்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். அங்கே பிறந்ததுதான் தாங்கு திட்டம்.

தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் காரைமேட்டுக் கணவாய் இருக்கிறது. நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேற்றி, பாதி வழியில் மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். அப்புறம் முன்னால் போகிறவனைக் காப்பாற்ற அவனுடைய குலதெய்வம்தான் வர வேண்டும். தவமணியின் திட்டம் அந்த வேலையைக் கார்களிடம் கொடுத்தது. பிரேக் போன லாரி தகவல் அனுப்பியதும், அதற்கு முன்னால் போகிற கார்களில் சிலவற்றைக் கட்டுப்பாட்டு அறையின் கணினி கூப்பிடும். அவை லாரியின் வேகத்துக்கு வந்து, பின்பக்கத்தை லாரியின் மூக்கில் கொடுத்து, ஒன்றன் முன் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, எல்லாம் சேர்ந்து பிரேக் பிடிக்கும். எல்லா வண்டிகளுக்கும் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் தாங்கு கட்டை இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு கார் வழுக்காமல் நாலாயிரம் நியூட்டன் விசை கொடுக்கும். எத்தனை கார் வேண்டும் என்பது வெறும் வகுத்தல்.

திட்டம் ஜெயித்தது. இரண்டு வருஷத்தில் கணவாயில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் ஓசிச் சோறு எதுவும் இல்லை அல்லவா? தாங்கப் போன கார்களில் கழுத்துப் பிடித்தது, கட்டை நசுங்கியது. ஒருமுறை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஊர் கொதித்தது. யாரைக் கேட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். முடிவில், கர்ப்பிணி, கைக்குழந்தை, இதய நோயாளி இருக்கிற வண்டிகளுக்கு விலக்கு என்று விதி வந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் கைப்பேசியில் காரணத்தைத் தொட்டுக் கட்டைவிரல் வைத்தால் போதும். சான்றிதழ் கேட்கக் கூடாது. யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அதிகாரிகள் எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்தப் பட்டியலைக் கணினி மட்டுமே அறியும்.

தவமணி அதற்கும் கணக்கு வைத்திருந்தாள். எந்த நேரத்திலும் இருபது வண்டிக்கு ஒன்றுதான் அப்படி இருக்கும், கவலை வேண்டாம் என்றாள். கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளன் ஜபருல்லா மட்டும் தலையைச் சொறிந்தான்.

"மேடம், நம்மூர்ல வக்கீல்னு ஸ்டிக்கர் ஒட்டின வண்டியெல்லாம் வக்கீலுதுங்களா?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குத் தனியாகக் காரில் போய்க்கொண்டிருந்தாள். கணவர் குணசீலன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் எங்கேயும் அசைய மாட்டார். கணவாயின் இறக்கத்தில் இரண்டாவது வளைவு தாண்டியதும் காரின் திரை சிவந்தது. பின்னால் பிரேக் பிடிக்காத லாரி வருகிறது என்றது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். சொந்தத் திட்டத்தில் தன் முறை வந்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திரையில் அடுத்த வரி வந்தது. 'உங்கள் வாகனம் விலக்குப் பெற்றது. இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடவும்.'

தவமணிக்கு ஒன்றும் புரியவில்லை. காரணத்தைத் தொட்டுப் பார்த்தாள். கர்ப்பிணி என்று இருந்தது.

அவளுடைய ஒரே மகன் கோயம்புத்தூரில் கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறான். இந்த வயதில் அவளுக்கு வாய்த்தது முழங்கால் வலி ஒன்றுதான். சிரிப்பு வருமுன் கோபம் வந்தது. கோபம் முழுதாக வருமுன் பயம் வந்தது. ஏனென்றால் முன்னாலும் பக்கத்திலும் போய்க்கொண்டிருந்த கார்கள் எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், ரொம்ப மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தன.

அவள் ஜபருல்லாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், இறக்கத்துல முப்பது காருக்கு மேல இருக்கு. ரெண்டே ரெண்டுதான் கிடைக்குதுங்குது கணினி," என்றான். "கீழ பால வேலை நடக்குது. வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. ரெண்டு டவுன் பஸ் இருக்கு, ரெண்டுலயும் நிக்க இடமில்லாத கூட்டம்."

"லாரி எவ்வளவு எடை?"

"இருபத்தெட்டு டன்னுன்னு பதிஞ்சிருக்கு. நாலஞ்சு காரு போதும். ஆனா ரெண்டுதான் மேடம் இருக்கு."

முப்பது காரில் இருபத்தெட்டுக் கர்ப்பிணிகள். தருமபுரி மாவட்டத்துக்கே அவ்வளவு வாரிசு ஒரே சமயத்தில் வரப்போகிறதா என்ன? தவமணிக்கு வெட்கத்தில் காது சுட்டது. தன் கணக்கில் விசை இருந்தது, நிறை இருந்தது, வேகம் இருந்தது. தன் வீட்டு மனிதர் இல்லை.

கார் குணசீலன் பெயரில் இருந்தது. விலக்கு இருக்கிற வரை கணினி அதை வரிசையில் சேர்க்காது; விலக்கை எடுக்க அவர் விரல் வேண்டும். இரண்டு தடவை மணி அடித்த பிறகு தூக்கக் குரலில் எடுத்தார்.

"என்னங்க, நம்ம வண்டில யாரு மாசமா இருக்கறது?" என்றாள்.

அவர் மென்று விழுங்கினார். நம் குடியிருப்புச் சொசைட்டியில் எல்லாரும் போட்டார்கள் என்றார். அந்தத் தலைமையாசிரியரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று மனசு கேட்கவில்லை என்றார். நீ தனியாகப் போய் வருகிறவள், உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். தவமணிக்குத் திட்ட வாய் வரவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு பேசியதே கிடையாது.

"இப்ப அதை எடுத்துவிடுங்க," என்றாள்.

"நீ எங்க இருக்க, தவம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தச் சாலையில் அன்று அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அவள் உள்ளதைச் சொன்னாள். "கணவாய்ல இருக்கறேன். பின்னாடி லாரி வருது. பிரேக் இல்ல."

குணசீலன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. கட்டிய பெண்டாட்டியைத் தன் கையாலேயே லாரிக்கு முன்னால் தள்ள வேண்டும். அந்த மனிதர் இதைச் செய்ய மாட்டார் என்றுதான் தவமணி நினைத்தாள். திரையில் விலக்கு அழிந்தபோது அவள் கண்ணில் நீர் முட்டியது. பத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தார்.

அதற்குள் முதல் இரண்டு வண்டிகள் லாரியின் மூக்கில் முதுகு கொடுத்திருந்தன. கண்ணாடியில் தெரிந்தது. லாரியை ஒட்டி நீல நிறத்தில் ஒரு சின்னக் கார், அதற்கு முன்னால் பால் விநியோக வேன். தவமணி வேகத்தைக் குறைத்தாள். வேன் வந்து முதுகில் மோதியது; பல் கடகடத்தது. மூன்று வண்டியும் சேர்ந்து பிரேக் பிடித்தன.

இருபத்தெட்டு டன் என்றால் மூன்று வண்டி தாங்கும்போது வேகம் ஏறுவதாவது நிற்க வேண்டும். நிற்கவில்லை. மெள்ள ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று காரின் விசை தெரியும், இறக்கத்தின் சரிவு தெரியும், வேகம் ஏறுகிற வீதம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எடைமேடை இல்லாமலே லாரியை எடை போட்டுவிட்டாள் தவமணி. நாற்பது டன்.

லாரி டிரைவரின் குரல் இணைப்பில் வந்தது. திருச்செங்கோட்டுக்காரர், அத்தியப்பன் என்று பெயர். "கியரை இறக்கி வெச்சிருக்கறனுங்க, அடங்க மாட்டீங்குது. பாரம் சாஸ்திதானுங்க. ஓனரு ஏத்திப்போட்டாரு. எனக்கு முன்னால இருக்கற அந்தச் சின்ன வண்டிய மட்டும் எடுத்துருங்கம்மா, நசுங்கிப்போயிருமுங்க."

எடுக்க முடியாது. தாங்கும் வரிசையில் லாரியை ஒட்டிய வண்டிக்குத்தான் மொத்தப் பாரமும். அது விலகினால் வரிசையே கோணிப் பறந்துவிடும். தவமணி மனசுக்குள் கணக்கைப் போட்டாள். நொடிக்கு இருபது மீட்டர் வேகம். கீழே நிற்கிற பஸ் வரை எண்ணூறு மீட்டர். சரிவு இழுப்பதையும் சேர்த்தால் இருபத்தாறாயிரம் நியூட்டன் வேண்டும். ஏழு கார். இருப்பது மூன்று.

"ஜபருல்லா, இறக்கத்துல இருக்கற எல்லா வண்டிக்கும் என் குரல் கேக்கற மாதிரி திறந்துவிடுங்க," என்றாள்.

அவன் திறந்தான்.

"நான் தவமணி. இந்தத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டவ. எனக்கு அம்பத்தோரு வயசு. என் வண்டியிலயும் கர்ப்பிணின்னுதான் போட்டிருந்துச்சு. இப்பத்தான் எடுத்தேன். லாரிக்கு முன்னால இருக்கேன். மூணு வண்டி தாங்கிட்டு இருக்கோம், இன்னும் நாலு வேணும். யாரு நிஜம், யாரு பொய்னு நான் கேக்கல. வர முடிஞ்சவங்க விலக்கை எடுத்துட்டு வாங்க."

சாலை அப்படியே இருந்தது. ஒதுங்கிய கார்கள் ஒதுங்கியபடி போய்க்கொண்டிருந்தன. குறுக்கே திட்டவோ கெஞ்சவோ தவமணிக்கு மூச்சில்லை. பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் தயங்கித் தயங்கி நடுப்பாதைக்கு வந்தது. கட்சிக் கொடி கட்டிய வண்டி. அவள் முன்னால் வந்து வேகம் குறைத்து முட்டுக் கொடுத்தது. ஒருவன் கிளம்பிவிட்டால் மற்றவனுக்குப் பொறுக்காது என்பது நல்ல காரியத்துக்கும் பொருந்தும். அடுத்தது வாடகைக் கார். அதன் பின் ஒன்று, மேலும் ஒன்று. ஒவ்வொன்றும் வந்து ஒட்டும்போது ஓர் அதிர்ச்சி முதுகு வழியாகப் போய்ப் பின்னால் அந்த நீலக் காரில் முடிந்தது. தவமணி ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்தாள். சின்ன வண்டி கோணாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

ஏழு ஆனது. எட்டாவதாக ஒன்று கேட்காமலே வந்து சேர்ந்தது. வேகமுள் முதலில் அசையாமல் நின்றது, அப்புறம் இறங்கத் தொடங்கியது. ரப்பர் கருகும் நாற்றம் காருக்குள் ஏறியது. கீழே பஸ்ஸின் பின் கண்ணாடியில் முகங்கள் தெரிகிற தூரம் வந்து, அந்த முகங்களில் வாய் திறந்திருப்பது தெரிகிற தூரமும் வந்து, எல்லாம் நின்றது. முதல் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கலாம், அவ்வளவுதான்.

"நின்னுருச்சுங்க," என்று தவமணி கைப்பேசியில் சொன்னாள். குணசீலன் அழுதுகொண்டிருந்தார்.

ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். உயிரைப் பணயம் வைத்து ஊரைக் காப்பாற்றியவர்கள் போல ஒருவர் முகமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவர்கள் போல நின்றார்கள். கட்சிக் கொடிக்காரர் கர்ப்பிணி என்று போட்டதற்குத் தானாகவே விளக்கம் சொன்னார். அவர் அம்மாவுக்கு மூட்டுவலியாம்.

"மூட்டுவலிக்கு எதுக்குங்க கர்ப்பிணின்னு போட்டீங்க?"

"அந்தப் பட்டன்தான் மேடம் முதல்ல இருந்துச்சு."

தவமணி நிற்காமல் கடைசி வண்டிக்கு ஓடினாள். நீலக் காரின் பின்பக்கம் பாதியாக மடிந்திருந்தது. அத்தியப்பன் அதன் கதவுப் பிடியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். நாகஜோதி என்று பேர் சொன்னாள். சேலத்தில் வங்கி வேலை. கழுத்து வலிக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை என்றாள். இவள் ஒருத்தியும் பால் வேன்காரரும்தான் விலக்கே வாங்காதவர்கள். தவமணிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கூட்டம் விலகியதும் நாகஜோதி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"மேடம், என்னைக் கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. ரெண்டு மாசம்."

இறக்கத்தில் இருந்த முப்பது வண்டியில், அவளுக்குத் தெரிந்து நிஜமாகவே கருவைச் சுமந்த ஒரே வண்டி இது. நாற்பது டன்னின் மொத்தப் பாரமும் அதன் முதுகில்தான் இறங்கியிருந்தது.

"உனக்குத்தானம்மா விலக்கு. ஏன் போடல?"

"மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு எங்க அத்தை சொல்லியிருக்காங்க மேடம். கண்ணு பட்டுரும்னு. எங்கம்மாகிட்டயே இன்னும் சொல்லல. கவர்மென்ட்டுகிட்ட எப்படிச் சொல்றது?"

சேலம் போகிற வழி முழுக்கத் தவமணி அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினாள். இல்லாத கர்ப்பத்தைச் சொல்லச் சொன்னது ஊர். இருக்கிற கர்ப்பத்தை மறைக்கச் சொன்னதும் அதே ஊர். காரணம் கேட்டு ஒரு பெட்டி வைத்தவள் அவள். பொய்க்கு அது வாசல் திறந்தது, மெய்க்குச் சாத்திக்கொண்டது. தெரிந்தே அந்தப் பெண்ணை அங்கே நிறுத்தியது போல அவளுக்குக் குற்றமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அரிசி அளவு ஒன்று, அதன் நடுவில் விடாமல் ஒரு துடிப்பு. நாகஜோதி சிரித்தாள். தவமணிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்களும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றாள் நாகஜோதி.

தவமணி சத்தியம் செய்து கொடுத்தாள்.

அடுத்த மாதம் சென்னையில் விசாரணைக் குழு கூடியது. விலக்கு வாங்கிய வண்டிகளில் உண்மையில் எத்தனை கர்ப்பிணிகள் இருந்தார்கள் என்று தலைவர் கேட்டார். ஒவ்வொரு வண்டியாக விசாரித்துப் பார்த்தாகிவிட்டது, ஒருவர்கூட இல்லை என்றாள் தவமணி. அது சத்தியமான பதில். அப்படியானால் விலக்கையே தூக்கிவிடலாம், பொய் சொன்னவர்களுக்கு அபராதம் போடலாம் என்றார் அவர். குழுவில் எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த நியாயத்தை ஒரே வாக்கியத்தில் உடைக்கிற சேதி தவமணியின் தொண்டையில் இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"விலக்கு இருக்கட்டும் சார். காரணம் கேக்கற பெட்டியைத்தான் எடுக்கணும். வண்டி ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த நேரத்துல 'வர முடியுமா'ன்னு மட்டும் கேக்கட்டும். முடியாதுன்னா விட்டுரணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"எல்லாரும் முடியாதுன்னு சொல்லிட்டா?"

"அன்னிக்கு நான் கேட்டேன் சார். வந்தாங்க. கேக்கறதுக்கு ரெண்டு நொடி ஆகும், நாப்பது மீட்டர் போகும். அதுக்கு இன்னும் ஒரு காரு சேத்துக்கணும். கணக்கு நான் போட்டுத் தரேன்."

கணக்கு என்று அவள் சொன்னால் துறையில் மறுபேச்சு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். புது முறை வந்த பிறகு இரண்டு லாரிகள் பிரேக் போய் இறங்கின. கேட்டபோது பாதிப் பேர் முடியாது என்றார்கள். மற்ற பாதி வந்தார்கள். அது போதும், மிச்சமும் இருந்தது. குணசீலன் மட்டும் கணவாய் வழிப் பயணம் என்றால் இப்போதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகும் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அப்புறம் ஒருநாள் அலுவலகத்துக்கு மஞ்சள் தடவிய அழைப்பிதழ் ஒன்று வந்தது. ஏழாம் மாத வளைகாப்பு. மேசைமேல் கிடந்ததை ஜபருல்லா எடுத்துப் படித்தான்.

"நாகஜோதி. நீலக் காரு ஓட்டுன அந்தம்மாதானே மேடம்? நல்ல சேதி," என்றான்.

சொன்னவன் அழைப்பிதழைக் கீழே வைக்கவில்லை. தேதியைப் பார்த்தான். இந்த மாதத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினான். ஐந்தாவது விரலில், அந்த லாரி இறங்கிய மாதத்தில், கை நின்றது. லாரியை ஒட்டிய வண்டிக்கு எவ்வளவு பாரம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாங்கும் வரிசையின் படம் அவன் அறைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. நிமிர்ந்து தவமணியைப் பார்த்தான். குழுவில் அவள் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"மேடம்," என்றான்.

"உங்க கணக்கு சரிதான் ஜபருல்லா," என்றாள் தவமணி. அழைப்பிதழை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நானும் அவரும் போறோம். வர முடியுமா?"

அவன் தலையாட்டினான்.